தொப்பிச் சுரப்பியைக் கண்ட டாக்டர் அடிசன்

லண்டன் மாநகரில் கைஸ் ஆஸ்பத்திரி என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. தாமஸ் கை என்ற புத்தக வியாபாரி 1721-ம் ஆண்டில் ஏழை நோயாளிகளுக்காக ஏற்படுத்தியது.

சுமார் 175 ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஆஸ்பத்திரிக்கு விசித்திரமான நோயாளிகள் சிலர் வந்தார்கள். அவர்களுக்குப் பெரிய காயம் இல்லை. கடுமையான காய்ச்சல் இல்லை. இன்ன இடத்தில் வலி என்று விரலால் தொட்டுக் காட்டவும் முடியவில்லை. ஆனால் நாளுக்கு நாள் சோர்ந்து போனார்கள். சாப்பாடு பிடிக்கவில்லை. வாந்தி எடுத்தார்கள். நாடி நூல்போல மெலிந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றியது.

இதற்கெல்லாம் மேலாக ஓர் அதிசயம். வெள்ளைக்காரர்களான அவர்களின் உடம்பு கறுத்துக்கொண்டே வந்தது! வெயில் படும் முகமும் கையும் மட்டும் அல்ல. துணி மூடிய இடங்களும் கறுத்தன. வாய்க்குள்ளும் கறுப்புத் திட்டுகள் தோன்றின. கடைசியில், விளக்கில் எண்ணெய் தீர்ந்ததுபோல அணைந்து போனார்கள்.

இது என்ன நோய்? எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தவர் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த தாமஸ் அடிசன். இன்று உலகம் முழுவதும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான். அடிசன் நோய் என்கிறார்கள்.

மளிகைக் கடைக்காரர் மகன்

இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் நகரத்துக்கு அருகில் லாங் பென்டன் என்று ஓர் ஊர். அங்கே ஜோசப் அடிசன் என்பவர் மளிகைச் சாமானும் மாவும் விற்று வந்தார். அவருடைய மகன்தான் தாமஸ். பிறந்த ஆண்டை 1793 என்று பலரும், 1795 என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள்.

கடைக்காரருக்குப் பையனை நன்றாகப் படிக்க வைக்கவேண்டும் என்று ஆசை. நியூகாசில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் லத்தீன் மொழி தெரியாவிட்டால் படித்தவன் என்று யாரும் மதிக்கமாட்டார்கள். பையன் லத்தீனைக் கரைத்துக் குடித்துவிட்டான். பிற்காலத்தில் வைத்திய வகுப்பில் குறிப்பு எடுக்கும்போதுகூட லத்தீனிலேயே எழுதுவானாம்!

மகன் வக்கீல் ஆகவேண்டும் என்று தகப்பனார் நினைத்தார். மகனோ டாக்டர் ஆனான். எடின்பரோ சர்வகலாசாலையில் படித்து 1815-ல் எம்.டி. பட்டம் வாங்கினான்.

பட்டம் வாங்கியதும் போர்டு மாட்டிக்கொண்டு சம்பாதிக்க உட்கார்ந்துவிடவில்லை. லண்டனுக்கு வந்தார். தோல் நோய்களில் அப்போது பேர் பெற்றிருந்த தாமஸ் பேட்மன் என்ற டாக்டரிடம் வேலை கற்றார். தோலின் நிறத்தையும் தடிப்பையும் தழும்பையும் கூர்ந்து பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. இந்தப் பழக்கம் இல்லாவிட்டால், பிற்காலத்தில் அந்தக் கறுப்பு நிறத்தை அவரும் சாதாரணமாக நினைத்து விட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

1817-ல் அவர் செய்த காரியம் இன்னும் ஆச்சரியமானது. எம்.டி. பட்டம் பெற்ற டாக்டர், 22 பவுன் 1 ஷில்லிங் பணம் கட்டி, கைஸ் ஆஸ்பத்திரியில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார்! அப்படிச் சேர்ந்தவர்தான். உயிர் போகும் ஆண்டு வரையில் அந்த ஆஸ்பத்திரியை விடவில்லை. 1824-ல் உதவி டாக்டர். 1827-ல் மருந்துகளைப் பற்றிப் பாடம் சொல்லும் ஆசிரியர். 1837-ல் முழு டாக்டர்.

அவருடைய வகுப்பு என்றால் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பார்வைக்கு நிமிர்ந்த உருவம். கண்டிப்பான முகம். கர்வம் பிடித்தவர் என்றே பலரும் நினைத்தார்கள். உண்மையில் அவர் கூச்சம் மிகுந்தவர். பேச எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் நடுங்குவாராம். அதை மறைக்கத்தான் முகத்தை அப்படிக் கடுகடு என்று வைத்துக்கொண்டார் என்று அவருடன் பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நோய் என்ன என்று கண்டுபிடிப்பதில்தான் அவருக்கு முழு ஆசையும். நோயாளியைத் தலை முதல் கால் வரை பார்ப்பார், தட்டுவார், காது வைத்துக் கேட்பார். விடை கிடைக்கும் வரை படுக்கையை விட்டு நகரமாட்டார். விடை கிடைத்துவிட்டால் அந்த சந்தோஷத்தில் மருந்து எழுதிக் கொடுக்கவே மறந்துவிடுவார் என்று சொல்வார்கள். இப்படிப்பட்ட டாக்டரிடம் பணக்கார நோயாளிகள் எப்படிப் போவார்கள்? வெளியில் அவருக்குப் பெரிய வருமானம் இல்லை.

கரண்டியும் மெழுகுவர்த்தியும்

அதே ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் பிரைட் என்ற இன்னொரு பெரிய டாக்டர் இருந்தார். குண்டிக்காய் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சிறுநீரகத்தின் நோய்களை 1827-ல் எழுதிப் புகழ் பெற்றவர். அடிசனும் அவரும் சேர்ந்து 1839-ல் ஒரு வைத்தியப் புத்தகம் வெளியிட்டார்கள்.

பிரைட் செய்த பரிசோதனை மிக எளிது. நோயாளியின் மூத்திரத்தை ஒரு கரண்டியில் எடுத்து, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவது. சூடு ஏறியதும் முட்டை வெள்ளைபோல அது திரிந்து வந்தால், சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு கரண்டி, ஒரு மெழுகுவர்த்தி. இவ்வளவுதான் சோதனைச்சாலை! ஆனால் நோயாளி உயிரோடு இருக்கும்போதே விடை தெரிந்துவிடும்.

அடிசனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர் தேடிய நோய் சிறுநீரகத்தில் இல்லை. அதற்கு ஒரு விரல் மேலே இருந்தது. ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி வைத்ததுபோல ஒரு சிறு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. நாலைந்து கிராம் எடைதான் இருக்கும். அட்ரினல் என்பது அதன் பெயர். அது கெட்டுப்போனதா, நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எந்தக் கரண்டியும் எந்த மெழுகுவர்த்தியும் உதவாது. நோயாளி இறந்தபின் வயிற்றைக் கீறிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தச் சுரப்பி எதற்கு இருக்கிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. பிரான்ஸ் தேசத்தில் போர்டோ நகரத்து அறிஞர் சபை 1716-ல் ஒரு போட்டி வைத்தது. அட்ரினல் சுரப்பியின் வேலை என்ன என்று எழுதுகிறவருக்குப் பரிசு! கட்டுரைகள் வந்தன. நீதிபதியாக உட்கார்ந்து படித்துப் பார்த்தவர் பிற்காலத்தில் சட்ட சாஸ்திரத்தில் உலகப் புகழ் பெற்ற மாண்டெஸ்கியூ. எதுவும் தேறவில்லை. யாருக்கும் பரிசு இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நிலைமை அப்படியேதான் இருந்தது.

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

அடிசன் முதலில் இந்தச் சுரப்பியைத் தேடிப் போகவில்லை. அவர் தேடியது வேறு. ரத்தம் கொட்டாமல், வேறு நோய் ஏதும் இல்லாமல், சிலருக்கு ரத்த சோகை வந்து வெளுத்துச் சாகிறார்களே, அது ஏன் என்பதுதான் அவருடைய கேள்வி. அப்படி இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்துக்கொண்டே வந்தபோது, சிலரிடம் அட்ரினல் சுரப்பி இரண்டும் கெட்டுப் போயிருப்பதைக் கண்டார். 1849-ல் ஒரு வைத்தியர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினார். அப்போது ரத்த சோகையையும் சுரப்பி நோயையும் ஒன்றோடொன்று சேர்த்துக் குழப்பிக்கொண்டிருந்தார். பேச்சைக் கேட்டவர்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இரண்டும் வேறு வேறு நோய் என்று பிரித்து எடுக்க அவருக்கு மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. 1855-ல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அதில் 11 நோயாளிகளின் கதை இருந்தது. கறுத்த முகம், கறுத்த கை, கெட்டுப்போன சுரப்பி எல்லாவற்றையும் வர்ணப் படங்களாகவே போட்டிருந்தார். 11 பேரில் பலருக்குச் சுரப்பியைத் தின்றது க்ஷயரோகம். சிலருக்குப் புற்றுநோய். ஒருவருக்குச் சுரப்பி காரணம் தெரியாமல் சுருங்கிச் சூம்பிப் போயிருந்தது.

அந்தப் புத்தகத்தை இன்று படிக்கும் டாக்டர்களும் வியக்கிறார்கள். ரத்தத்தில் ஹார்மோன் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாத காலம். ஹார்மோன் என்ற சொல்லே 1905-ல்தான் பிறந்தது. வெறும் கண்ணையும் கையையும் வைத்துக்கொண்டு, நாலைந்து கிராம் சுரப்பி கெட்டால் ஆள் கறுத்து, இளைத்து, செத்துப்போவான் என்று ஒருவர் சொல்லிவிட்டாரே!

உடனே எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பட்டம் வாங்கிய எடின்பரோவிலேயே அப்படி ஒரு நோய் இருப்பதாக நம்பாதவர்கள் இருந்தார்கள். பாரிசில் பிரவுன்-சேகார் என்ற விஞ்ஞானி 1856-ல் மிருகங்களின் அட்ரினல் சுரப்பி இரண்டையும் எடுத்துப் பார்த்தார். அவை சீக்கிரமே செத்துவிட்டன. சுரப்பி இல்லாமல் உயிர் இல்லை என்று அவர் எழுதினார். வேறு சிலர் எலிகளிடம் இதே சோதனையைச் செய்தார்கள். சில எலிகள் பிழைத்துக்கொண்டன! அவற்றின் உடம்பில் வேறு இடத்திலும் அந்தச் சுரப்பியின் துணுக்குகள் இருந்தன என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இப்படி வாதமும் எதிர்வாதமும் நடந்தபோது, பாரிசின் பெரிய டாக்டர் ட்ரூஸோ தன்னிடம் வந்த ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு, அடிசன் சொன்னதே சரி என்று முடிவு கட்டினார். அந்த நோய்க்கு அடிசன் பெயரைச் சூட்டியவரும் அவரே. கைஸ் ஆஸ்பத்திரியில் அடிசனின் சகாவான சாமுவேல் வில்க்ஸ் மேலும் பல நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி அவருக்குத் துணை நின்றார்.

அடிசன் 1847-ல்தான் கல்யாணம் செய்துகொண்டார். மணமகள் எலிசபெத், இரண்டு குழந்தைகளுடன் கைம்பெண்ணாக இருந்தவர். இவர்களுக்கு வேறு குழந்தைகள் பிறக்கவில்லை.

துயரமான முடிவு

ஊரார் நோயைக் கண்டுபிடித்தவரை ஒரு நோய் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அது மனச்சோர்வு. பல தடவை வந்து வந்து போனது, 1860-ல் முற்றிவிட்டது. உடல்நலம் கெட்டுவிட்டது என்று மாணவர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து விலகினார். பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில் தங்க வைத்து, இரண்டு பேரைக் காவலும் வைத்திருந்தார்கள். அப்படியும் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். மனச்சோர்வுக்கு இன்று உள்ள சிகிச்சை எதுவும் அன்று இல்லை. கல்யாணம் நடந்த லானர்காஸ்ட் கோவிலிலேயே அவர் உடலை அடக்கம் செய்தார்கள்.

ஆனால் அவர் பெயர் தாங்கிய நோயின் கதை அங்கே முடியவில்லை. நோயாளி செத்தபிறகு கத்தியால் கண்டதை, உயிரோடு இருக்கும்போதே எப்படிக் காண்பது? இந்தக் கேள்விக்கு விடை தேட இன்னும் நூறு ஆண்டுகள் பிடித்தன.

உப்பை நிறுத்தினார்கள்

அட்ரினல் சுரப்பியின் வேலைகளில் ஒன்று உடம்பின் உப்பைக் காப்பது. அது கெட்டால் உப்பு மூத்திரத்தில் வீணாகப் போய்விடும். 1930-களில் சில டாக்டர்கள் இதையே பரிசோதனையாக வைத்தார்கள். சந்தேகப்பட்ட நோயாளிக்குச் சாப்பாட்டில் உப்பை நிறுத்திவிட்டு, மூத்திரத்தில் எவ்வளவு உப்பு போகிறது என்று அளந்தார்கள். நோய் இல்லாதவனுக்கு ஒன்றும் ஆகாது. நோய் இருப்பவனோ பரிசோதனையிலேயே சுருண்டு விழுந்தான்! நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையே உயிரைப் பறிக்கும் ஆபத்தாக இருந்தது.

1941-ல் அமெரிக்காவில் மேயோ ஆஸ்பத்திரிக்காரர்கள் இதைவிடச் சாதுவான சோதனை ஒன்றைச் சொன்னார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் செய்து, மூத்திரம் எவ்வளவு போகிறது என்று பார்ப்பது. 1948-ல் ஜார்ஜ் தார்ன் என்ற டாக்டரின் சோதனை வந்தது. சுரப்பியை உசுப்பிவிடும் ஊசி ஒன்றைப் போடவேண்டும். நாலு மணி நேரம் கழித்து ரத்தத்தில் ஒருவகை வெள்ளை அணுக்கள் பாதியாகக் குறைந்தால் சுரப்பி நல்லது, குறையாவிட்டால் கெட்டது.

கவனியுங்கள். இவை எதுவும் சுரப்பி கொடுக்கும் சரக்கை நேராக அளக்கவில்லை. அடுப்பு எரிகிறதா என்று உள்ளே போய்ப் பார்க்காமல், கூரைமேல் புகை வருகிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது. புகைக்கு வேறு காரணமும் இருக்கலாம் அல்லவா?

இதற்கிடையில் மருந்து வந்துவிட்டது. சுரப்பியின் சரக்குகளைப் பிரித்து எடுத்து, கார்ட்டிசோன் முதலியவற்றைக் கண்டவர்களான கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கும் 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. சில ஆண்டுகளில் சாகவேண்டியவர்கள், தினம் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடி அவர்களில் ஒருவர்! 1947-ல் லண்டனில் அவருக்கு அடிசன் நோய் என்று சொன்னார்கள். 1954-ல் அவருக்கு முதுகில் நடந்த ஆபரேஷனைப் பற்றி ஒரு வைத்தியப் பத்திரிகை மறு ஆண்டு எழுதியது, பெயர் போடாமல், 37 வயது ஆண் என்று மட்டும் குறிப்பிட்டு.

மருந்து வந்ததும் அளவின் பொறுப்பு பெருகிவிட்டது. நோய் இருப்பவனை இல்லை என்று அனுப்பினால் உயிர் போகும். இல்லாதவனை இருக்கிறது என்று சொன்னால், ஆயுள் முழுவதும் தேவையில்லாத மாத்திரை. உடம்பு பருக்கும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும்.

பந்தியும் இலையும்

சுரப்பியின் முக்கியமான சரக்குக்குக் கார்ட்டிசால் என்று பெயர். காலையில் 100 மில்லி ரத்த நீரில் சுமார் 10 முதல் 20 மைக்ரோகிராம் இருக்கும். மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு! இதை எப்படி அளப்பது?

முதலில் ரசாயனத்தால் அளந்தார்கள். 1950-களில் மருந்து சேர்த்து மஞ்சள் நிறம் வரவைத்து அளந்தார்கள். 1960-களில் கந்தக அமிலத்தில் கலந்து, எவ்வளவு மின்னுகிறது என்று பார்த்தார்கள். சிரமம் என்னவென்றால், கார்ட்டிசால் மட்டும் மின்னவில்லை. நோயாளி சாப்பிட்ட வேறு சில மாத்திரைகளும் கூடவே மின்னின. அளவு அதிகமாகக் காட்டியது.

பெரிய வழியைத் திறந்தவர்கள் நியூயார்க்கில் ரோசலின் யாலோ என்ற பெண்மணியும் சாலமன் பெர்சன் என்ற டாக்டரும். 1959-60-ல் இன்சுலினை அளப்பதற்காக அவர்கள் கண்ட முறையே பிறகு எல்லா ஹார்மோன்களுக்கும் பரவியது. பெர்சன் 1972-ல் காலமாகிவிட்டார். யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த முறை என்ன? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 100 இலை போட்டிருக்கிறது. சிவப்புத் தலைப்பாகை கட்டிய 100 பேரை நீங்களே உள்ளே அனுப்புகிறீர்கள். கூடவே தலைப்பாகை இல்லாத கூட்டமும் நுழைகிறது. அவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. இலையில் உட்கார்ந்த சிவப்புத் தலைப்பாகைகளை மட்டும் எண்ணுங்கள். 90 பேர் உட்கார்ந்திருந்தால் மற்ற கூட்டம் சிறியது. 20 பேர்தான் என்றால் மற்ற கூட்டம் பெரியது. இலைதான் ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்ப்பொருள். சிவப்புத் தலைப்பாகை, கதிர் வீசும் அடையாளம் வைத்த ஹார்மோன். மற்றவர்கள், நோயாளியின் ரத்தத்தில் உள்ள ஹார்மோன்.

பந்தியில் ஒரு தொல்லை உண்டு. அழையாத விருந்தாளியும் வந்து உட்கார்ந்துவிடுவான்! முகஜாடை ஒத்திருந்தால் போதும். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் கொடுக்கிறார்களே ப்ரெட்னிசலோன் மாத்திரை, அது கார்ட்டிசாலுக்குப் பங்காளி முறை. பல மாதம் அதைச் சாப்பிட்டவருடைய சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். ஆனால் சில சோதனைகளில் மாத்திரையே கார்ட்டிசாலின் இலையில் உட்கார்ந்துகொண்டு, சுரப்பி நன்றாக வேலை செய்வதாகப் பொய்க்கணக்குக் காட்டும். அதை நம்பி மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ஆள் மயங்கி விழுவார். ஆகையால் ரத்தம் கொடுக்கும்போது, என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று ஒன்றுவிடாமல் சொல்லவேண்டும். தலைமுடி வளர்ச்சிக்கு என்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரைகூடச் சில சோதனைகளைக் குழப்பிவிடும்.

கர்ப்பத்தடை மாத்திரையின் கதை இன்னொன்று. அதில் உள்ள ஈஸ்ட்ரஜன், ரத்தத்தில் கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதத்தைப் பெருக்கிவிடும். சுமை வண்டி அதிகமானால் மொத்தக் கணக்கும் அதிகமாகும். உடம்புக்குப் பயன்படும் கார்ட்டிசால் கொஞ்சமாகவே இருக்கும். காகிதத்திலோ ஏராளம் என்று இருக்கும்.

படி மாறினால்

நம் ஊர்ப்பக்கம் முன்பு ஊருக்கு ஊர் படி வேறாக இருந்தது. ஓர் ஊரில் 10 படி என்றால் இன்னோர் ஊரில் 8 படிதான் வரும். அரிசி அதே அரிசி. கார்ட்டிசாலுக்கும் அந்தத் தொல்லை வந்தது.

சந்தேகம் உள்ளவருக்கு இன்று செய்யும் முக்கியமான சோதனை இதுதான். சுரப்பியை உசுப்பும் மருந்தை 250 மைக்ரோகிராம் ஊசியாகப் போடுவார்கள். அதற்கு முன்னும், 30 நிமிஷமும் 60 நிமிஷமும் கழித்தும் ரத்தம் எடுப்பார்கள். கார்ட்டிசால் 18-க்கு மேல் ஏறினால் சுரப்பி நல்லது. இதுதான் பல ஆண்டுகளாக டாக்டர்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்த எண்.

அந்த 18 என்பது பழைய படியால் அளந்த எண். அழையாத விருந்தாளிகளையும் சேர்த்து எண்ணிய காலத்து எண்! பிறகு, கார்ட்டிசாலை மட்டுமே சரியாகப் பிடிக்கும் புதிய சோதனைகள் வந்தன. மூலக்கூறு ஒவ்வொன்றையும் எடை பார்த்துப் பிரிக்கும் கருவியும் வந்தது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெயர். அதில் முகஜாடை பலிக்காது. எடை வேறு என்றால் வெளியே தள்ளிவிடும். இவற்றால் அளந்தால், நல்ல சுரப்பி உள்ளவர்களுக்கும் எண் குறைவாகவே வந்தது. 18 வரவேண்டிய இடத்தில் 14, 15 என்று நின்றது. புதிய படியால் அளந்துவிட்டுப் பழைய 18-ஐ வைத்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும்? நோய் இல்லாதவர் நோயாளி ஆகிவிடுவார். ஆயுள் முழுவதும் மாத்திரை! அதனால்தான் இப்போது, எந்த முறையால் அளந்தார்களோ அந்த முறைக்கு உரிய எல்லையைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள். சில புதிய சோதனைகளுக்கு 14, 15 என்பதே எல்லை.

போதாக்குறைக்கு இரண்டு வகை அலகுகள் வேறு. ஒரு சோதனைச்சாலைத் தாளில் 10 என்று இருக்கும். இன்னொன்றில் 276 என்று இருக்கும். இரண்டும் ஒரே அளவுதான்! அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு, அலட்சியமாக இருந்தவர்களும் உண்டு. நேரமும் முக்கியம். கார்ட்டிசால் காலையில் உச்சத்தில் இருக்கும். நடு ராத்திரியில் அடித்தட்டுக்கு இறங்கிவிடும். சாயங்காலம் எடுத்த ரத்தத்தைக் காலைக் கணக்கோடு ஒப்பிட்டால் எல்லாருமே நோயாளிகள்தான்.

சுரப்பி கெட்டதா, அதற்கு உத்தரவு போடும் மூளையடிச் சுரப்பி கெட்டதா என்று அறிய ஏ.சி.டி.எச். என்ற இன்னொரு ஹார்மோனை அளக்கிறார்கள். அது மகா மென்மையானது. ரத்தம் எடுத்ததும் ஐஸில் வைத்து, சீக்கிரமாகப் பிரித்து எடுக்காவிட்டால் சிதைந்து, அளவு குறைந்து காட்டும். பையன் ரத்தக் குழாயை மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், குற்றம் வேறு சுரப்பியின்மேல் விழும்! அடிசன் கண்ட கறுப்பு நிறத்துக்கும் இந்த ஹார்மோனே காரணம். அட்ரினல் வேலை செய்யாதபோது மூளையடிச் சுரப்பி மேலும் மேலும் உத்தரவு அனுப்புகிறது. அது தோலையும் கறுக்க வைக்கிறது. மூளையடிச் சுரப்பியே கெட்டிருந்தால் உடம்பு கறுக்காது.

பிறந்த குழந்தைகளின் விஷயத்திலும் இதே கதை நடக்கிறது. பிறவியிலேயே அட்ரினல் கோளாறு உள்ள குழந்தையைக் கண்டுபிடிக்க, குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பல நாடுகளில் சோதிக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில் முகஜாடை ஒத்த பொருள்கள் அதிகம். அதனால் நோய் இல்லாத குழந்தைக்கும் நோய் என்று வந்து, பெற்றோர் பதறிப் போகிறார்கள். அதே சொட்டை எடை பார்க்கும் கருவியில் மறுபடி சோதித்தால் பெரும்பாலும் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மேல்நாடுகளில் இன்று அடிசன் நோய்க்கு முக்கியக் காரணம், உடம்பின் காவல் படை சொந்தச் சுரப்பியையே தாக்குவது. அடிசன் கண்ட ஒருவரின் சூம்பிய சுரப்பி அப்படிப்பட்டதாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். நம் நாட்டிலோ அன்று அவர் பார்த்த க்ஷயரோகம் இன்னும் அந்தச் சுரப்பியைத் தின்கிறது. ஒருவகைப் பூஞ்சக்காளானும் தின்கிறது. நம்முடையது மாநிறமும் கறுப்பும் ஆன தோல். வெள்ளைக்காரர் கறுத்தால் தெரிவதுபோல நமக்குத் தெரியாது. வெயிலில் அலைந்தான், கறுத்துவிட்டான் என்று விட்டுவிடுவோம். ஆகையால் நம் டாக்டர்கள் நோயாளியின் ஈறு, நாக்கு, உள்ளங்கை ரேகை, விரல் முட்டி, பழைய தழும்பு ஆகிய இடங்களைப் பார்க்கிறார்கள். பழைய போட்டோ இருந்தால் அதையும் வாங்கிப் பார்க்கிறார்கள். முன்பு இல்லாத கறுப்பு அந்த இடங்களில் வந்திருந்தால், உடனே அட்ரினலை நினைக்கிறார்கள்.

ஒரு சமயத்தில் மட்டும் எண்ணுக்காகக் காத்திருப்பதே கூடாது. அடிசன் நோயாளிக்குக் காய்ச்சலோ, பேதியோ, ஆபரேஷனோ வந்தால் உடம்புக்கு அதிகக் கார்ட்டிசால் வேண்டும். சுரப்பியால் கொடுக்க முடியாது. ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடுவார். அப்படி ஒருவரைத் தூக்கி வந்தால், டாக்டர் ஒரு குழாய் ரத்தம் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பிவிட்டு, விடை வரும் முன்பே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டு, உப்புத் தண்ணீரையும் ஏற்றிவிடுகிறார். எண் பிறகு வரட்டும். இந்த நோய் உள்ளவர்கள் சட்டைப் பையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறார்கள். மயங்கிக் கிடக்கும்போது யார் எடுத்துப் பார்த்தாலும் தெரிவதற்காக, அதில் மருந்தின் பெயரும், மேலே கொட்டை எழுத்தில் அடிசன் என்ற பெயரும் இருக்கும்.